எண்ணாகிப் போன பிள்ளைகள்

(மன்றப் பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் செபுதம்பர்த் திங்கள் 30ஆம் நாளன்று கனடா நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் செம்மஞ்சள் நிறச் சட்டை உடுத்து வருகின்றனர். 1980களில் ஏதிலியராய் அந்நாடு சேர்ந்த ஈழத்தமிழரின் பெயரப் பிள்ளைகளும் அப்பள்ளிகளில் பயில்கின்றனர். அந்நாள் ஓர் அரசன் பிறந்த நாளன்று. ஒரு போரில் வென்ற நாளுமன்று. ஆறு அகவைச் சிறுமி ஒருத்தியிடமிருந்து ஒரு சட்டையைப் பறித்துக்கொண்டதை ஒரு நாடே நினைவிற்கொள்ளும் நாள் அது.

அச்சிறுமி, பின்னாளில் பில்லிசு வெப்சுட்டாடு என்று பலரும் அறிந்த பெண்மணி. கனடாவின் மேலைக் கோடியிலுள்ள பிரித்தானியக் கொலம்பியா மாநிலத்தில் செக்வெப்பெமு என்னும் முதுகுடியிற் பிறந்து, பாட்டியாரின் நிழலில் வளர்ந்தவர். 1973ஆம் ஆண்டில் அவரைப் புனித சோசப்பு மடத்து உறைவிடப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பாட்டியாரிடம் பணம் மிகுதியில்லை. ஆயினும் பெயர்த்தி பள்ளிக்குப் போகின்றாள் என்று நகரத்துக் கடைக்கு அழைத்துச் சென்று, அவள் விரும்பியதை அவளையே எடுத்துக்கொள்ளச் செய்தார். அவள் எடுத்தது மினுமினுக்கும் செம்மஞ்சள் சட்டை. முன்புறம் கயிறு கோத்துக் கட்டுவது. பள்ளி வாயிலைக் கடந்தவுடன் அவள் உடைகளைக் களைந்து எடுத்துக்கொண்டனர். அச்சட்டை மீண்டும் அவள் தோளேறவே இல்லை. எத்துணை அழுதும் பயனில்லை. தம் உணர்வுகளுக்கு ஒரு மதிப்புமில்லை என்பதையே அந்நிறம் நெடுங்காலம் தமக்கு நினைவூட்டியது என்று வளர்ந்தபின் அவர் சொன்னார். அவர் கதையைச் சொன்ன 2013ஆம் ஆண்டிலிருந்து செம்மஞ்சள் சட்டை நாள் தொடங்கிற்று. 2021இல் கனடா அரசு அந்நாளை நாடளாவிய நினைவு நாளாக்கியது.

ஒரு சட்டைக்கா இத்துணை அரற்று என்று கேட்பாரும் உளர். உண்ண உணவும், உறங்க இடமும், கற்க எழுத்தும் கொடுத்தார்கள் அல்லவா? பழஞ்சட்டை போனால் புதுச்சட்டை! இக் கேள்வியைப் புறந்தள்ள வேண்டா. நூறாண்டுக்கு மேலாக அந்நாட்டு ஆள்வோர் கேட்ட கேள்வியே அது. அவர்கள் தீயவர்கள் என்று சொல்லி முடித்துவிட்டால், நாம் ஒன்றுங் கற்றவர்கள் ஆகமாட்டோம். அவர்களுள் பலர் தாம் நல்லதே செய்வதாக நம்பினர். நம்பிக்கொண்டே ஒரு குழந்தையின் உள்ளத்தை எங்ஙனம் உடைக்க முடியும் என்பதுதான் ஈண்டு ஆராயத்தக்கது.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1879இல் அமெரிக்க ஒன்றிய நாடுகளில், பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் என்னும் ஊரில், இரிச்சர்டு பிராட்டு என்னும் படையலுவலர் முதுகுடிப் பிள்ளைகளுக்கென ஓர் உறைவிடப் பள்ளியைத் திறந்தார். பிள்ளைக்குள் இருக்கும் முதுகுடியானை அழித்து மாந்தனை மீட்பது அவர் கோட்பாடு. அதே ஆண்டில் நிக்கலசு தேவின் என்பார் கனடா அரசின் ஆணைப்படி அத்தகைய பள்ளிகளைப் பார்த்துவந்து, நம் நாட்டிலும் இவை வேண்டும் என்று அறிக்கை தந்தார். 1883இல் தலைமையமைச்சர் சான் மெக்டொனால்டு அதற்கு வழி திறந்தார். பிள்ளை பெற்றோரோடு இருக்கும்வரை அவர்கள் வழக்கத்திலேயே ஊறிநிற்கும். எனவே பிரித்தாக வேண்டும் என்பது அவர் வழக்குரை. பள்ளிகளை நடத்தியவை கிறித்தவத் திருச்சபைகள். பணம் கொடுத்தது அரசு. 1920இல் 7 முதல் 15 அகவை வரையுள்ள பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின் பின்னிருந்த துறைத் தலைவர் டங்கன் இசுக்காட்டு. அவர் அந்நாட்டில் பெயர்பெற்ற ஒரு பாவலருங்கூட! பா எழுதும் கைக்கு இரக்கம் தானே வந்துவிடும் என்று நம்புவார் இதனைக் குறித்துக்கொள்க. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். அதற்குள் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அப்பள்ளிகளின் வாயிலைக் கடந்திருந்தனர். அவற்றுள் இறந்ததாகப் பெயரோடு பதிவானவர் மட்டும் 4,000க்கு மேற்பட்டோர். எலும்புருக்கி நோயே பெருங்கொலைஞன். 1907இலேயே பீட்டர் பிரைசு என்னும் அரசு மருத்துவர், விடையளித்த 15 பள்ளிகளில் பயின்ற பிள்ளைகளுள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இறந்துபட்டதை எழுதிக் காட்டினார். எவரும் செவிசாய்க்கவில்லை. ஓய்வுபெற்றபின் 1922இல் அதனை ஒரு சிறுநூலாகவே வெளியிட்டார்.

இறந்தவர் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இறவாமல் வீடு திரும்பியவர்களின் நெஞ்சத்தைப் பற்றியதே இப்பொழிவு.

ஆறு அகவைக்கும் பன்னீர் அகவைக்கும் இடைப்பட்ட பருவம், மழலை நீங்கியும் பருவம் எய்தாதும் நிற்கும் இடைவழி. அதற்கு முன்னர்க் குழந்தை தன்னை உலகத்தின் நடுவாகவே எண்ணிக்கொள்ளும். இப்பருவத்திலோ பிறரைப் பார்க்கிறது. பிறரோடு தன்னை ஒப்பிடுகிறது. தன்னைப் பற்றிப் பிறர் என்ன எண்ணுகின்றனர் என்று துழாவுகிறது. ‘நான் யார்?’ என்னும் கேள்வி சொல்லாகாமலே அதன் உள்ளத்தில் எழுகிறது. விடை எங்கிருந்து வரும்? தன்னை விளிக்கும் பெயரிலிருந்து வரும். விளிப்பவர் பேசும் மொழியிலிருந்து வரும். அக்காள், தம்பி, பாட்டி என்று சூழ்ந்து நிற்கும் சுற்றத்திலிருந்து வரும். ஆண்பிள்ளையாயின் தந்தையும் மாமனும், பெண்பிள்ளையாயின் தாயும் அத்தையும் எங்ஙனம் வாழ்கின்றனர் என்று பார்த்தறிவதிலிருந்தும் வரும். இவை வாய்த்த பிள்ளை ஏழைமையிலும் நிமிர்ந்து நிற்கும். இவை அறுந்த பிள்ளைக்கு நெய்யும் பாலும் ஊட்டினாலும் முகம் மலராது. அவ்வுறைவிடப் பள்ளிகள் அறுத்தவை இவற்றையே. அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக, முதல் நாளிலிருந்தே அறுத்தன.

முதலிற் பெயர். பள்ளி புக்க பிள்ளைக்குக் கிறித்தவப் பெயர் ஒன்று சூட்டுவர். பல பள்ளிகளில் ஓர் எண்ணும் கொடுப்பர். சட்டையில் எண், படுக்கையில் எண், காலணியில் எண். வரிசையில் நிற்கும்போது விளிப்பதும் எண்ணாலேயே. அறுபது எழுபது அகவை கடந்த பின்னும் தம் எண்ணை மறவாத முதியோர் பலர், உண்மை அறியும் ஆணைக்குழுவின் முன் அதனைச் சொல்லிக் கண்ணீர் உகுத்தனர்.

இவ்விடத்தில் ஓர் இலக்கணச் செய்தியைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. தொல்காப்பியம் சொற்களைப் பகுக்கும்போது ஆண், பெண் என்று தொடங்குவதில்லை. முதலில் திணை; உயர்திணை, அஃறிணை. அதன் பின்னரே பால். மாந்தர் என்பது முந்திய வேறுபாடு. ஆண், பெண் என்பது பிந்தியது. கனடாவின் பெருங்குடிகளான கிரீ, அனிசினாபே மக்களின் மொழிகள் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றன. அவற்றின் பெயர்ச்சொற்களில் ஆண்பால் பெண்பால் என்னும் பாகுபாடே இல்லை. உயிருள்ளவை, உயிரில்லாதவை என்னும் இரண்டே வகுப்புகள். ‘அவன்’ என்பதற்கும் ‘அவள்’ என்பதற்கும் ஒரே சொல். அனிசினாபே மொழியிற் கல்லும், முரசும், புகைக்குழலும் உயிருள்ள வகுப்பிற் சேரும். கல்லையும் உயிருள்ளதாய்ப் பேசும் நாவோடு வந்த பிள்ளைக்கு, அதன் சொந்த உயிருக்கே ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். அந்நாவைப் பேசியதற்காக அடித்தார்கள், உணவை மறுத்தார்கள், சவர்க்காரத்தால் வாயைக் கழுவினார்கள். ஆங்கிலத்தில் ‘அவன்’, ‘அவள்’ எனப் பிரித்துச் சொல்லத் தடுமாறும் சிறாரைப் பார்த்து, அறிவு மழுங்கிய இனம் என்று ஆசிரியர் முடிவு கட்டினாராயின், மழுங்கிய அறிவு எவருடையது?

அடுத்தது முடி. சிட்கலா-சா என்னும் பெண்மணி அமெரிக்கச் சமவெளியின் யாங்கிடன் குடியிற் பிறந்தவர். எட்டு அகவையில், 1884இல், இந்தியானா மாநிலத்துப் பள்ளிக்குச் சென்றார். வளர்ந்தபின் தம் இளமையை எழுத்தில் வடித்து 1900இல் ஒரு பெயர்பெற்ற திங்களிதழில் வெளியிட்டார். முடியைக் கத்தரிக்கப் போகின்றனர் என்று கேள்வியுற்றவுடன் கட்டிலின்கீழ் ஒளிந்துகொண்டதையும், இழுத்துவந்து நாற்காலியிற் கட்டிப் பின்னலை வெட்டியதையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் குடியில் துயருற்றவரே முடியைக் குறைப்பர். பகைவரிடம் பிடிபட்ட கோழைக்கே முடி மழிக்கப்படும். ஆசிரியைக்கு அது தூய்மை, சிறுமிக்கு இழிவு. ஒரே கத்தரி, இரண்டு பொருள். ஆண்பிள்ளைகளின் நிலையும் அதுவே. பல குடிகளில் ஆண்மகனுக்கும் நீண்ட பின்னலே அழகு. அது ‘பெண்டன்மை’ என்று நகையாடி மழித்தார்கள். ஆண் எங்ஙனம் இருத்தல் வேண்டும், பெண் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்று தம் நாட்டு அளவுகோலை ஆறு அகவைத் தலையின்மேல் வைத்து வெட்டினார்கள் என்க.

மூன்றாவது அறுப்பே பலரையும் வாழ்நாளெல்லாம் வருத்தியது. அண்ணனும் தங்கையும் ஒரே வண்டியில் வந்திறங்குவர். இறங்கியவுடன் ஆண்பிள்ளைகள் ஒருபுறம், பெண்பிள்ளைகள் மறுபுறம். தனித்தனிக் கட்டடம், தனித்தனி முற்றம், உணவறையிலும் தனித்தனிப் பந்தி. தங்கையை எட்டத்தில் நின்று பார்க்கலாம், பேசினால் தண்டனை. ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று தாய் கைபிடித்துக் கொடுத்த அக்காள், வேலிக்கு அப்பால் தம்பி அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். எத்தனையோ பேர் ஆணைக்குழுவின் முன் இதையே சொன்னார்கள். தாம் பட்ட அடியைச் சொல்லும்போது அழாதவர்கள்கூட, உடன்பிறந்தாரைக் காக்க முடியாமற் போனதைச் சொல்லும்போது உடைந்தார்கள். பத்து மாதம், பத்து ஆண்டு என்று இவ்வாறு வளர்ந்தவர்கள் வீடு திரும்பும்போது அண்ணனுக்குத் தங்கை அயலாள். உடன்பிறப்பு என்னும் உணர்வு குருதியில் தானே ஊறுவதன்று. ஒரே கூரையின்கீழ், ஒரே கலத்தில் உண்டு, சண்டையிட்டு, சேர்ந்து சிரித்து ஊறுவது. இது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

கல்வியாவது முழுமையாய்க் கிடைத்ததா? 1950களின் தொடக்கம்வரை அரைநாட் பாடம், அரைநாள் வேலை என்பதே முறை. ஆண்பிள்ளைகள் வயலிலும் மாட்டுத் தொழுவிலும்; பெண்பிள்ளைகள் துவைக்குமிடத்திலும், அடுக்களையிலும், தையலறையிலும். பள்ளியை நடத்துஞ் செலவில் ஒரு பங்கு அச்சிறு கைகளின் மீதே விழுந்தது. பெண்ணை வீட்டு வேலைக்காரியாகவும் ஆணைப் பண்ணையாளாகவும் ஆக்குதலே குறிக்கோள் என்றால், அதற்கு ஏன் தாயின் மடியிலிருந்து பிடுங்க வேண்டும்? பாடநூல் இருந்தது, கற்பிக்கும் விருப்பம் இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் நேர்ந்தது. அதனைச் சொல்லக் கூச்சப்படுவாரும் உளர்; கூச்சப்படலாகாது. அனிசினாபே மக்களிடம், முதற்பூப்பெய்திய சிறுமி ஓராண்டுக் காலம் காட்டுப் பழங்களை உண்ணாது நோன்பிருப்பாள். பாட்டிமார் அவளோடிருந்து பெண்ணின் உடல், பெண்ணின் வலிமை, பெண்ணின் கடமை இவற்றை அவளுக்குச் சொல்வர். ஆண்டு நிறைந்ததும் சுற்றம் கூடிப் பழம் ஊட்டி விழா எடுக்கும். பூப்பு அவளுக்குப் பெருமை. உறைவிடப் பள்ளியிலோ அது சொல்லப்படாத, மறைக்கப்பட வேண்டிய அழுக்கு. முன்னறிவிப்பின்றிக் குருதியைக் கண்ட சிறுமியர் நோயென்றும் தண்டனையென்றும் எண்ணி நடுங்கினர். ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பொதுவான இழிவொன்றும் இருந்தது. தாயைப் பிரிந்த அச்சத்தால் இரவிற் படுக்கையை நனைத்த பிள்ளையின் தலையில் அந்த ஈரத்துணியையே போர்த்தி, எல்லார் முன்னும் நடக்கச் செய்வர். உளநூல் கற்றவர்க்கு அந்த ஈரம் ஒரு மடல்: ‘அஞ்சுகிறேன்’ என்று குழந்தை எழுதிய மடல். அதைப் படிக்கத் தெரியாதவர்கள் அதற்குத் தண்டனை கொடுத்தார்கள்.

அஞ்சிய பிள்ளை என்ன செய்யும்? ஓடும். பில்லிசு சட்டையை இழந்த அதே மடத்துப் பள்ளியில், அதற்கு எழுபதாண்டுகளுக்கு முன்னர், 1902ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் எட்டு அகவைச் சிறுவன் ஒருவன் ஓடிப்போய்ப் பனியில் இறந்து கிடந்தான். 1937ஆம் ஆண்டின் முதல் நாளில், அதே மாநிலத்து வேறொரு பள்ளியிலிருந்து எட்டும் ஒன்பதும் அகவையான நான்கு சிறுவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டு, உறைந்த ஏரியின்மேல் உயிர்விட்டனர். 1966 அக்டோபரில் ஒண்டாரியோ மாநிலத்துக் கெனோரா நகரை அடுத்த பள்ளியிலிருந்து சேனி வெஞ்சாக்கு என்னும் பன்னீர் அகவைச் சிறுவன் வெளியேறினான். அனிசினாபே குடிப்பிள்ளை. பள்ளியில் அவனுக்குச் ‘சார்லி’ என்று பெயர். வீடு 600 கிலோமீட்டர்த் தொலைவில். அத்தொலைவு அவனுக்குத் தெரியாது. தந்தையைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுந் தெரியும். உடன் சென்ற சிறுவர் இருவர் தம் உறவினர் குடிலிலேயே தங்கிவிட்டனர். சேனி மெல்லிய மேற்சட்டையொன்றும், சிறு கண்ணாடிக் குப்பியில் சில தீக்குச்சிகளும் கொண்டு தொடர்வண்டிப் பாதை வழியே நடந்தான். பாதையோரத்தில் அவன் உடல் கிடந்தது. அப்பள்ளியிலேயே இருந்த அவன் தங்கைமார் மூவரும் அவன் பேழையோடு வண்டியேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். உயிரோடிருந்தபோது சேரவிடாத உடன்பிறப்பைப் பேழையோடு சேர்த்துவிட்டார்கள்!

ஓர் ஐயத்தையும் தீர்த்தல் நன்று. அப்பள்ளிகளில் நல்லாசிரியர் ஒருவருமே இல்லையா? இருந்தனர். தம்மை அன்போடு நடத்திய ஓர் ஆசிரியையை, விளையாட்டுக் கற்பித்த ஒருவரை நினைவுகூர்ந்த முன்னாள் மாணவரும் உளர். ஆணைக்குழு அவர்கள் சொல்லையும் பதிந்தது. ஆனால், அந்நல்லாசிரியராலும் அப்பிள்ளைக்கு அதன் பாட்டியின் மொழியில் ஒரு கதை சொல்ல இயலவில்லை. பிழை தனி மாந்தரின் குணத்தில் மட்டும் இருந்ததன்று, அமைப்பிலேயே இருந்தது.

பள்ளி செய்ததைச் சட்டமும் செய்தது. அதிலும் பெண்ணுக்கே பேரிழப்பு. முதுகுடி ஆண்மகன் ஒருவன் வெள்ளையப் பெண்ணை மணந்தால், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் முதுகுடி உரிமை உண்டு. முதுகுடிப் பெண் வெளியாரை மணந்தாலோ, அவள் உரிமை போகும். பிள்ளைகளின் உரிமையும் போகும். தாய்வீட்டு மண்ணிற் குடியிருக்கவும் இயலாது. அக்காள் பிள்ளை அயல். அண்ணன் பிள்ளை சொந்தம். ஒரே பாட்டியின் மடியில் அமரவேண்டிய இரண்டு பெயரப் பிள்ளைகளுள் ஒன்றைக் குடிமகன் என்றும் மற்றொன்றை வெளியான் என்றும் தாளில் எழுதினால், எட்டு அகவைப் பிள்ளை அதை எங்ஙனம் விளங்கிக்கொள்ளும்? தன் தாய் ஏதோ தவறு செய்தாள் என்றே விளங்கிக்கொள்ளும். இச்சட்டத்தை எதிர்த்துக் கனடாவின் உச்ச முறைமன்றம் வரை சென்ற பெண்கள் 1973இல் தோற்றனர். நியூ பிரன்சுவிக்கு மாநிலத்துத் தோபிக்கு என்னும் ஊரைச் சேர்ந்த சாந்திரா இலவ்லேசு என்னும் பெண்மணி, மணமுறிவுற்றுப் பிள்ளையோடு திரும்பியபோது பிறந்த ஊரில் உரிமையில்லை என்று தள்ளப்பட்டார். அவர் ஐ.நா. மாந்த உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 1981இல் அக்குழு, தன் மக்களோடு கூடித் தன் பண்பாட்டையும் மொழியையும் துய்க்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது என்று தீர்ப்புக் கூறிற்று. 1985இல் கனடா சட்டத்தைத் திருத்தியது, முழுமையாகத் திருத்தியதன்று, எஞ்சிய ஓரவஞ்சனையைக் களையப் பின்னரும் பலமுறை போராட நேர்ந்தது.

2008 சூன் 11ஆம் நாள் கனடாத் தலைமையமைச்சர் இசுட்டீவன் ஆர்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். உண்மை அறியும் ஆணைக்குழு 2015இல் அறிக்கையை முடித்து, அங்கே நிகழ்ந்தது பண்பாட்டு இனக்கொலையே என்று எழுதி, 94 செயற்பாடுகளை அரசின்முன் வைத்தது. நல்லது. ஆயின், மன்னிப்புக் கேட்ட வாய் மூடுமுன் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2021 மக்கட்கணக்கின்படி கனடாச் சிறாருள் முதுகுடியினர் நூற்றுக்கு எண்மர்கூட இல்லை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிரித்து வேற்று வீடுகளில் வளர்க்கப்படும் சிறாருள் பாதிக்கு மேற்பட்டோர் அவர்களே. முதுகுடிச் சிறாரின் நலப்பணிக்குக் குறைவாகப் பணம் ஒதுக்கியது இனப்பாகுபாடே என்று சிண்டி பிளாக்சுட்டாக்கு என்னும் முதுகுடிப் பெண்மணி முன்னின்று தொடுத்த வழக்கில், மாந்த உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்பளித்தது. பள்ளியின் பெயர் மாறிற்று, பிரிப்பு மாறவில்லை.

இனி, மருந்து என்ன? இதற்கு ஓர் ஆய்வு வழிகாட்டுகிறது. பிரித்தானியக் கொலம்பியாவின் முதுகுடி ஊர்களில் இளையோர் தற்கொலை மிகுதி என்பது நெடுங்காலப் பேச்சு. அவ்வூர்களை ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்த உளநூலார் மைக்கேல் சாண்டிலரும் கிறித்தபர் இலலோண்டும், அது முதுகுடியினர் எல்லார்க்கும் உரிய பொதுநோய் அன்று என்று 1998இலேயே காட்டினர். சில ஊர்களில் மிகுதி. சிலவற்றில் அறவே இல்லை. 2007இல் தார்சி ஆலட்டு என்பாரோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மக்களுள் பாதிப்பேராவது தம் தாய்மொழியில் உரையாட வல்லராயிருந்த ஒருசில ஊர்களில் இளையோர் தற்கொலை இல்லையென்னுமளவிற்கு இருந்தது தெரியவந்தது. மொழியன்பர் உடனே கைதட்டுவர். பொறுக்க! மொழி ஒன்றே காத்தது என்று அவ்வாய்வு மெய்ப்பித்துவிடவில்லை. மொழியைக் காத்துக்கொண்ட ஊர், பாட்டியையும் காத்துக்கொண்ட ஊர். தன் நிலத்திற்கும் உரிமைக்கும் போராடிய ஊர். பிள்ளைகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்ட ஊர். இவை யாவும் பின்னிக் கிடக்கின்றன. மொழி பிழைத்திருந்த இடத்தில் இவையும் பிழைத்திருந்தன என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம். அதுவே போதும். நம்மவர் மேடைகளில் இதனை மிகைப்படுத்திச் சொல்வதால் மொழிக்கு ஆக்கமில்லை.

வழியைச் செயலில் காட்டியவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். பெற்றோர் தலைமுறைக்கு மொழி போய்விட்டது. பாட்டன் பாட்டியரிடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எனவே இடைத்தலைமுறையைத் தாண்டி, மழலைகளை நேரே முதியோர் மடியில் வைத்தால் என்ன? 1982இல் வெலிங்டன் நகரையடுத்து முதல் ‘கோகங்கா இரேயோ’வைத் திறந்தனர். அதற்குப் பொருள் மொழிக்கூடு. குருவி குஞ்சுக்கு ஊட்டுவதுபோல் மொழியை ஊட்டும் கூடு. அங்கே மாவோரி மொழி தவிர வேறொன்றும் பேசப்படாது.

அக்கூட்டைப் பார்த்துத் தம் ஊரிலும் கட்டியவர்களுள் செக்வெப்பெமு மக்களும் உண்டு. சட்டையைப் பறிகொடுத்த சிறுமியின் அதே குடி. பிரித்தானியக் கொலம்பியாவின் ஆடம்சு ஏரிப் பகுதியில் சில பெற்றோர் 1987இல் ஒரு மொழிக்கூட்டைத் தொடங்கினர். அது 1991இல் தலைவர் ஆதம் பெயரால் ஒரு பள்ளியாக வளர்ந்தது. பாடம் செக்வெப்பெமு மொழியில். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அண்ணன் தங்கையராய்ச் சேர்ந்தே கற்கின்றனர். சேர்ந்தே ஏரிக்கரைக்கும் மலைக்கும் முதியோரோடு செல்கின்றனர். மீன் பிடிப்பதும், பழம் பறிப்பதும், கிழங்கு அகழ்வதும் பாடமே. மாலையில் அவரவர் வீட்டுக்குத் திரும்புகின்றனர்.

அங்கே இன்றுள்ள பெருந்துயர் ஒன்றே. பிறவியிலிருந்தே அம்மொழி பேசிவந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு மறைந்து வருகின்றனர். 2019இல் கனடா அரசு முதுகுடி மொழிகளுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று, சட்டம் பாட்டியாகிவிடாது. ஆகவே, அப்பள்ளிகளில் இளந்தாய்மார் பலர், பகலில் தாம் ஒரு முதியவளிடம் கற்ற சொல்லை மாலையில் தம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர். பிழை நேரும்போது பிள்ளை திருத்துகிறது.